முப்பது நிமிடம் ஐந்து விநாடி

வரிசைக்கு எண்பது காசு.
சிம்மக்கல்லில், எவர்சில்வர் கடை மாடியில்,
ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை
விமான நிலையங்களை இரண்டிரண்டாகச் சேர்த்துவைக்கிறேன்.
அட்சரேகை, தீர்க்கரேகை, மூன்றெழுத்துக் குறி.
தூரம் தானாக வந்து விழும்.
அதை எண்ணூறால் வகுத்து
ஏறவும் இறங்கவும் அரைமணி கூட்டினால்
பயண நேரம்.
சரிபார்த்து ஒரு டிக். அடுத்த ஜோடி.

நான் விமானத்தில் போனதில்லை.
வீடு அவனியாபுரம்.
சாயங்காலச் சென்னை விமானம் தலைக்கு மேல் இறங்கும்போது
மொட்டைமாடிக் கொடியில் கிளிப்பு சரியாக இருக்கிறதா
என்று பார்ப்பதோடு சரி.

அன்றைக்கு வந்த ஜோடி,
பசிபிக்கில் ஈஸ்டர் தீவு,
அட்லாண்டிக்கில் செயின்ட் ஹெலினா.
நடுவில் ஒரு கண்டம், மிச்சமெல்லாம் தண்ணீர்.
பத்தாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
பதின்மூன்று மணி முப்பத்தெட்டு நிமிடம்.
அப்படி ஒரு விமானம் கிடையாது.
வாரத்துக்கு ஒன்று வந்தாலே ஒரு தீவுக்குப் பெரிய காரியம்.

"யார் சார் இதைத் தேடப்போறா?"
இருதயராஜ் சார் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.
"தேடுறவன் தேடிட்டுப் போறான்.
நிமிஷம் தப்பக் கூடாது."

எனக்கு ஒரு ஆள் தெரிந்தான்.
கடையடைத்துவிட்டு, செருப்பைக் கழற்றாமல்,
அந்த இன்னொரு தீவின் பெயரை எழுத்தெழுத்தாக அடிக்கிறான்.
பதின்மூன்று மணி. இவ்வளவுதானா என்கிறான்.
விளக்கை அணைக்கிறான்.

டிக் போடுமுன் போன்.
இரண்டு இருபது.
பெரியாஸ்பத்திரியில் பாண்டீஸ்வரிக்கு வலி கண்டுவிட்டது.
அக்கா வந்தால்தான் என்கிறாளாம்.

யானைக்கல், பாலம், கோரிப்பாளையம்.
நேர்கோட்டில் ஒன்று புள்ளி ஒன்று கிலோமீட்டர்.
கை தானாகக் கணக்குப் போட்டது.
முப்பது நிமிடம் ஐந்து விநாடி.

ஆனால் அது அழகர் வருகிற ராத்திரி.
பாலமே தெரியவில்லை, தலைதான் தெரிந்தது.
மொட்டைத் தலை, சந்தனம் பூசிய தலை,
அப்பன் தோளில் தூங்கி வழிகிற தலை.
ஒரு அடி முன்னால் போனால் முக்கால் அடி பின்னால்.
தோல்பைக்காரன் ஒருவன் பீய்ச்சிய தண்ணீரில்
தொப்பலாக நனைந்தேன்.
சொம்பில் சர்க்கரையும் அதன்மேல் சுடருமாய் ஒருத்தி
என் முந்தானையைத் தள்ளிப் பிடிக்கச் சொன்னாள்.
"பிரசவம்ங்க, வழி விடுங்க" என்று கத்தினேன்.
எல்லாரும் என் வயிற்றைப் பார்த்தார்கள்.

அவருக்கும் அதே கதிதான்.
அழகர்கோயிலிலிருந்து இருபத்தொரு கிலோமீட்டர்,
என் கணக்கில் முப்பத்தொன்றரை நிமிடம்.
மண்டகப்படிக்கு மண்டகப்படி இறங்கி ஏறி
தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தவர்,
தாலி ஏறிவிட்டது என்று ஆற்றிலேயே கேள்விப்பட்டார்.
கோபித்துக்கொண்டு திரும்பிவிட்டார்.
எனக்குக் குதிரை இல்லை.
பின்னால் திரும்பவும் இடமில்லை.

நடுப்பாலத்தில் விடிந்தது.
கீழே பச்சைப்பட்டா என்று யாரோ கேட்டார்கள்,
ஆமாம் பச்சை என்று யாரோ அழுதார்கள்.
அந்தச் சத்தத்தில் கூட்டம் ஒரு பக்கமாகச் சாய,
நான் இன்னொரு பக்கமாக வழிந்து இறங்கினேன்.

வார்டுக்குள் நுழைந்தபோது ஆறு மணி பத்து.
நாலு ஐம்பதுக்கே பிறந்துவிட்டிருந்தது.
பெண். இரண்டே முக்கால் கிலோ.
பாண்டீஸ்வரி என் ஈரச் சேலையைப் பார்த்தாள்.
"எங்கக்கா இருந்த?"
"பாலத்துல" என்றேன்.
சிரித்தாளா, தையல் வலித்ததா, தெரியவில்லை.
முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.
கைவிரலை மட்டும் விடவில்லை.

மறுநாள் ராத்திரி
அந்த இரண்டு தீவும் டிக்குக்காகக் காத்திருந்தன.
பதின்மூன்று மணி முப்பத்தெட்டு நிமிடம்.
பக்கத்தில் குறிப்புக்கு ஒரு காலிக் கட்டம்.
'திருவிழா இல்லாத நாளில்' என்று அடித்தேன்.
இருதயராஜ் சார் வருகிற சத்தம் கேட்டு
அழித்தேன்.